சிவப்பு ஜோடி

மண் நிற மீன் ஜோடியை வலையில் அள்ளி வாளியில் போட்டேன். சிவப்பு ஜோடியைத் தொட்டிக்குள் விட்டேன்.

குஞ்சுகள் கொஞ்ச நேரம் திக்குத் தெரியாமல் அலைந்தன. பிறகு கூட்டமாகப் போய்ச் சிவப்பு உடம்பில் அப்பிக்கொண்டன.

டிஸ்கஸ் மீன் குஞ்சுக்கு முதல் தீனி, பெரிய மீனின் தோலில் ஊறும் பசைதான். அதைக் கொத்திக் கொத்தித் தின்றுதான் உயிர் பிடிக்கும். யாருடைய தோல் என்று அது பார்ப்பதில்லை.

சிவப்பு ஜோடிக்கு அழகு உண்டு, பிள்ளை வளர்க்கத் துப்பில்லை. முட்டையிடும், பொரிந்ததும் பொரியாததுமாகத் தின்றுவிடும். அதனால் முட்டை ஒட்டியிருக்கும் களிமண் கூம்பை அப்படியே தூக்கி மண் நிற ஜோடியிடம் கொடுத்துவிடுவோம். அவைதான் துடுப்பால் விசிறிக் காவல் காத்து, குஞ்சு வந்ததும் தங்கள் உடம்பைத் தின்னக் கொடுக்கும். இரண்டே வாரத்தில் பக்கமெல்லாம் புண்ணாகிவிடும். என் கணவர் அந்த ஜோடிக்கு வைத்த பெயர் ஆயா.

ஆனால் வாங்க வருகிறவர்கள் ஆயாவைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள். ஆள் வரும்போது ஆயாவை எடுத்துவிட்டுச் சிவப்பைக் காட்ட வேண்டும் என்று இந்த வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். இதில் பொய்யும் இல்லை. முட்டை சிவப்பினுடையதுதானே. இதற்கெல்லாம் கொஞ்சம் மூளை வேண்டும் என்று மகளிடம் எத்தனையோ முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

கடைக்காரர் தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்தார். குஞ்சுகளும் இதே நிறத்துக்கு வரும் என்று என் கணவர் சொல்லச் சொல்ல, அவர் தலையைத் தலையை ஆட்டினார். அத்தனையும் எனக்கே வேண்டும் என்றார்.

கணவர் மழமழவென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். மீன் வாங்க வந்தவருக்கா இவ்வளவு ஜோடனை என்று காதோரம் கேட்டேன். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வருகிறார்களே என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு மட்டும் தெரியாதா? என் பச்சைச் சேலை காலையிலிருந்தே கட்டிலில் விரித்துக் கிடக்கிறது. மகளோடு வேலை பார்க்கும் பையன். வீட்டில் அத்தனை பேரும் டாக்டர்களாம். மீன்களை இடம் மாற்றியதும் தலைக்குக் குளித்தாக வேண்டும். தீனி வாடை அவ்வளவு சீக்கிரம் போகாது.

கடைக்காரரை வழியனுப்பக் கணவர் வாசலுக்குப் போனார். நான் வலையை எடுத்தேன். சிவப்பு ஆணை அதிக நேரம் நம்ப முடியாது. அதன் கண் ஏற்கெனவே குஞ்சுகளின் மேல் உருளத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் மகள் வந்தாள். புது உடுப்பில் ஈரம் படாதிருக்க வாசற்படியிலேயே நின்றாள். என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தாள்.

“அம்மா, கோச்சுக்காத. அவங்க வந்திருக்காங்க, ஹால்ல உக்காந்திருக்காங்க. இன்னைக்கு ஒரு நாள் அவங்கதான் அம்மான்னு சொல்லிக்கறோம். பொய் ஒண்ணும் இல்லையேம்மா.”

பெற்றவளைச் சொல்கிறாள். குழந்தை தவழ்வதற்கு முன்னாலேயே மேல்படிப்பு என்று கிளம்பிப் போனவள். இப்போது வேறு ஊரில் பெரிய டாக்டர். அவள் போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள் நான். பிள்ளை மனசு வாடிவிடக் கூடாதென்று எனக்கென ஒன்று பெற்றுக்கொள்ளாமலே இருந்துவிட்டேன். அம்மா என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகத்தான் கூப்பிட்டாள்.

சிவப்பு ஆண் ஒரு குஞ்சை விழுங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வலை என் கையில்தான் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டில் என்னை யாரென்று சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

சொந்தத்தில் ஒரு சித்தி என்று சொல்லியிருக்கிறார்களாம். மீன் எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்களாம். உனக்குத்தான் பெரிய ஆட்களோடு பேச வராதே, இங்கேயே இருந்தால் உனக்கும் நிம்மதி என்றாள். எனக்காகப் பார்ப்பது போலவே சொன்னாள்.

இது யார் யோசனை என்று கேட்க வாயெடுத்தேன். சவரம் செய்த அந்த முகம் நினைவுக்கு வந்தது.

ஒரு மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொட்டியில் இன்னும் நாலைந்து குறைந்திருந்தன. சிவப்பு ஜோடியை வெளியே எடுத்தேன். வாளியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மண் நிற ஜோடியைத் திரும்ப விட்டேன். மிச்சமிருந்த குஞ்சுகள் எதுவுமே நடக்காதது போல ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. பெண் மீன் புண்ணான பக்கத்தை அவற்றுக்குத் திருப்பிக் காட்டி அசையாமல் நின்றது. அந்த மீனின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம். வாங்க வாங்க என்று கணவரின் குரல். பிறகு கூடத்தில் ஒரே சிரிப்பு. நன்றாகப் படித்தவளின் சிரிப்பு ஒன்று அதில் தனியாகக் கேட்டது.

நான் தரையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

“சித்தி, கொஞ்சம் இங்க வாங்க.”

மகளின் குரல். யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.