ஞாயிற்றுக்கிழமை அலைவரிசை

விழுந்த இடத்தைக் காட்டிக்கொடுக்க ராக்கெட்டுக்குள் வைக்கும் குட்டி டிரான்ஸ்மிட்டருக்குக் கோதண்டம் சொன்ன அலைவரிசையைக் கேட்டதும் சாம்சனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஞாயித்துக்கெழம காலைல ஹாம் ரேடியோக்காரங்க மொத்தப் பேரும் அதுலதான் பேசிக்கினு இருப்பாங்க. காலியா ஒண்ணு எடுத்தா இன்னா?”

“போன ரெண்டு ராக்கெட்டும் காலி அலைவரிசைலதான்டா தொலைஞ்சுது” என்றான் கோதண்டம்.

1991 பொங்கலில் தொடங்கி மூன்று மாதம் கம்பெனியில் ஓவர்டைம் போகாமல் இருவரும் செய்த ராக்கெட் அது. ஞாயிறு காலை பென்னலூர் வெட்டவெளியில் ஏவியதும், காற்றில் சாய்ந்து எங்கேயோ போய் மறைந்தது. தேடி ஓடப்போன சாம்சனைக் கோதண்டம் இழுத்து உட்காரவைத்து, ரேடியோவைப் போட்டான்.

பீப், பீப், பீப்.

“எவன்யா அது, பேச வுடாம?” என்று ரேடியோவில் சீறினார் வாலாஜாபாத் நடேசன். “இரு, ஆன்டெனாவத் திருப்பிப் பாக்குறேன். எனக்கு வடகிழக்குலேருந்து வருது.”

“எனக்கு வடமேற்கு” என்றார் தாம்பரத்துக்காரர். “மேப்புல கோடு போட்டா ரெண்டும் பென்னலூர் ஏரிக்கரைல வந்து சேருது. பக்கத்துல யாராச்சும் இருந்தா போய்ப் புடிங்கப்பா.”

கோதண்டம் மைக்கை எடுத்தான்.

“நாங்க பக்கத்துலதான் சார் இருக்கோம். போய் அணைச்சிட்டு வர்றோம்.”

“ரொம்பப் புண்ணியமாப் போவும் தம்பி” என்றார் நடேசன்.