முதல் விசில்

“யோவ் ரெஃப்ரி! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? போய் எங்கயாவது சங்கு ஊதுய்யா!”

பச்சையப்பனுக்குத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். ஆரணிப் பையன்களும் போளூர்ப் பையன்களும் பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருந்த பள்ளிக்கூட மைதானமே திரும்பிப் பார்த்தது. ரெஃப்ரி தருமன் மட்டும் பார்க்கவில்லை. அவன் விசிலோடு மைதானத்தில் இறங்குவது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“மாமா, நாம வந்த வேலை இன்னா, நீங்க கத்திகினு கீறது இன்னா?” மைத்துனன் சின்னப்பையன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“வந்த வேலையத்தான் பார்த்துகினு கீறேன். கம்முனு இரு.”

ஆட்டம் முடியும் வரைக்கும் அவர் வாயை மூடவில்லை. தருமனும் முகம் சுளிக்கவில்லை.

முடிந்ததும் பச்சையப்பன் நேராகப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, எம் பொண்ணு சாவித்திரிக்கு உங்களப் பார்க்கத்தான் வந்தோம். அவளுக்கு அப்படியே என் வாய். கோவக்காரன் கையில குடுத்தா தினம் பேஜார்தான். அதான் வேணும்னே திட்டிப் பார்த்தேன். உங்கள மாதிரி பொறுமைசாலி எங்க தேடினாலும் கிடைக்காதுங்க!”

தருமன் சிரித்தபடியே இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தான்.

“மன்னிச்சுக்குங்க. புதுசா ஊதறவன் இது இல்லாம இறங்கக் கூடாதுன்னு சீனியர் ரெஃப்ரி சொல்லி அனுப்பினாரு. இப்ப சொல்லுங்க, இன்னா சொன்னீங்க?”

சின்னப்பையன் மாமாவைப் பார்த்தான். மாமா கொஞ்சம் யோசித்தார்.

“ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை. அந்தப் பஞ்சை மட்டும் பத்திரமா வெச்சுக்குங்க.”