நின்றுபோன வண்டிகள்

ரயில் இதழின் ஆண்டிறுதிப் பக்கத்துக்காக, அந்த வருடம் உலகெங்கும் வந்த புதுப் பாதைகளையும் நின்றுபோன வண்டிகளையும் சூசைநாதன் தொகுத்திருந்தார். கடலடிச் சுரங்கம், பாலைவனப் பாதை, ஓட்டுநரில்லாத மெட்ரோ எல்லாம் இருந்தன. மெய்ப்புப் பார்த்த பிரேமலதா நிமிர்ந்தாள்.

"சார், நம்மூரு காலைப் பாசஞ்சரும் ஜூன்லயே நின்னுபோச்சே. அது விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலம்மா." அவர் பேனாவை மூடினார். "எம்பொண்ணு கோவிச்சுக்கிட்டு அதுலதான் போனா. பதினோரு வருஷமா அந்த வண்டி வர்ற நேரத்துக்கு பிளாட்பாரத்துல போய் நிக்கிறேன். அது நின்னுபோச்சுன்னு நானே அச்சுல போட்டுட்டா, அவ எதுல வருவா?"

பாசஞ்சர் நின்றுபோன வரியைப் பிரேமலதா ஏற்கெனவே தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். அதன்மேல் வைத்த ரப்பர் நகரவில்லை.