பந்தல் வெளிச்சத்தில் தெரியாத பூ

ஜன்னல் வெளிச்சம் சரிப்படவில்லை. பாப்பாயியின் சுண்டுவிரலை எந்தப் பக்கம் திருப்பினாலும் சௌந்திரத்தின் கை நிழலே நகத்தின் மேல் விழுந்தது.

போதாததற்கு, வாசலில் போகிற வருகிற உறவுக்காரர்கள் எட்டிப் பார்க்கக்கூடும்.

சௌந்திரம் ஜன்னலைச் சாத்திவிட்டு ட்யூப் லைட்டைப் போட்டாள். ஈரமான பூச்சின் மேல் விளக்கின் வெள்ளைக் கோடு நீளமாகப் படுத்துக்கொண்டது. கோடு தெரிந்தது, நகம் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

மோகனூரில் கல்யாணப் பெண்களுக்கு நகத்தில் பூ வரைகிறவள் சௌந்திரம் ஒருத்திதான். மணப்பெண் உண்ணாமலைக்குக் காலையிலேயே எல்லா விரலிலும் சிவப்பில் வரைந்து முடித்துவிட்டாள். இப்போது அவள் முன்னால் உட்கார்ந்திருப்பது மணப்பெண்ணின் அம்மா.

பாப்பாயி கணவனை இழந்தவள். நாளைக்குச் சீர்கள் நடக்கும்போது பந்தலின் கடைசி மூலையில்தான் நிற்க வேண்டும். பூ, பொட்டு, மருதாணி எதுவும் கூடாது.

"எங்கம்மா கையில ஒண்ணாச்சும் இருக்கோணும். இல்லாட்டி என்ற கையில இருக்கறதையும் சொரண்டிப் போடுவேன்" என்று உண்ணாமலை பிடிவாதம் பிடித்தாள்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. நகத்தின் நிறத்தைவிடக் கொஞ்சமே வெளிறிய பூச்சில், கடுகளவு ஒரு பூ. வரைகிறவளுக்குத் தெரிய வேண்டும். பந்தலில் இருக்கிற யாருக்கும் தெரியக் கூடாது.

தெரிந்துவிட்டால் பேச்சு பாப்பாயியோடு நிற்காது. போகிற வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட இந்த நகத்தைத்தான் சொல்வார்கள்.

சௌந்திரத்தின் கணவன் பஸ் ஸ்டாண்டில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். அவனுடைய மேசை விளக்கையும், கண்ணில் பொருத்திக்கொள்ளும் லென்ஸ்களையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, மேசை விளக்கை இடது பக்கத்தில் தாழ்வாக வைத்தாள். நிழல் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. பல்பு கண்ணைக் குத்தவே, அதில் படாமல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் குறுக்கே கட்டினாள். வெளிச்சம் சாதுவானது.

பெரிய லென்ஸில் நகம் களத்துமேடு போல விரிந்தது. ஆனால் பிரஷ்ஷின் நடுக்கமும் அதே அளவுக்கு விரிந்தது. ஓர் ஓரத்தைப் பார்த்தால் மறு ஓரம் காணாமல் போயிற்று. அதைக் கழற்றிவிட்டுச் சின்னதைப் பொருத்தினாள். நகம் முழுவதும் ஒரே பார்வைக்குள் வந்தது.

இது போதும்.

"சாமி கோவிச்சுக்காதா சௌந்திரம்?" பாப்பாயி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"சாமிக்கு லென்ஸு வேணுங்களாக்கா? காவேரிக்கு அந்தப் பக்கம் இருந்தே பாத்திருக்கும். பாத்துட்டுச் சிரிச்சிருக்கும். நீங்க கையை ஆட்டாதீங்க."

மூச்சை அடக்கி ஒவ்வோர் இதழாக வைத்தாள்.

காய்ந்ததும் மேசை விளக்கை அணைத்துவிட்டு ட்யூப் லைட்டைப் போட்டாள். பந்தலிலும் இதே விளக்குதான் கட்டியிருந்தார்கள். பூ இல்லை. வெறும் நகம்.

மறுபடியும் மேசை விளக்கு. பூ இருந்தது.

பாப்பாயி லென்ஸை வாங்கிப் பார்த்தாள். சின்னப் பெண் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போது கதவு திறந்தது.

கந்தம்மாள். பாப்பாயியின் கணவனுக்கு அக்கா. அந்தக் குடும்பத்துக் கல்யாணங்களில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறவள். இளவயதிலேயே வெள்ளைச் சேலை உடுத்தியவள். பிறரை எந்த மூலையில் நிறுத்தினாளோ அதே மூலையில் தானும் நிற்கிறவள்.

"கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்றீங்க? திருட்டுக் கோழியா உரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க நங்கையா." பாப்பாயி கையை முந்தானைக்குள் ஒளித்தாள்.

கந்தம்மாள் அந்தக் கையை வெளியே இழுத்தாள். கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். ஒன்றும் தெரியவில்லை. பாப்பாயியின் மடியில் கிடந்த லென்ஸை எடுத்து, விளக்கின் பக்கம் நகர்ந்து பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்தாள். பாப்பாயிக்குக் கண் நிறைந்துவிட்டது.

கந்தம்மாள் லென்ஸை சௌந்திரத்திடம் கொடுத்தாள். போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

"நவுரு புள்ள" என்று பாப்பாயியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். தன் சுண்டுவிரலை நீட்டினாள். "மொட்டு போதும். பூவெல்லாம் எனக்கு எதுக்கு?"

சௌந்திரம் லென்ஸைப் பொருத்திக் குனிந்தாள்.

மண்ணும் சாணமும் கண்டு தடித்த நகம். அதன் நுனியில் நூல் அளவுக்கு ஆரஞ்சு நிறம். ஈரத் துணியால் துடைத்தாள். போகவில்லை.

மருதாணி. நகம் வளர வளர நுனிவரை ஏறி வந்திருந்தது. இது கார்த்திகை. ஆடியில், ஊர்ப் பெண்கள் எல்லாம் சிவந்த கையோடு காவேரிக்குப் போன நாட்களில் வைத்ததாக இருக்கும்.

துடைத்த கை அப்படியே நின்றதைக் கந்தம்மாள் கவனித்துவிட்டாள்.

"அது வெத்தலைக் கறை" என்றாள், யாரும் கேட்காமலே.

"ஆமாங்க" என்றாள் சௌந்திரம்.

லென்ஸைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். பிரஷ்ஷை எடுத்தாள்.

வெறும் கண்ணால் வரைந்ததில் மொட்டு கொஞ்சம் பெரிதாகத்தான் வந்தது. கந்தம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்னதாக்கச் சொல்லவில்லை.