பாறை வளைவில் ஒரு போன்

டவரைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, அந்த மலையூரில் ஒரு போனிலிருந்து அடுத்த போனுக்குத் தாவித்தான் சிக்னல் போனது. மாரக்காவின் புருஷனுக்குக் கொள்ளி வைப்பதை மஸ்கட்டில் இருக்கும் மகன் பார்க்கவேண்டுமென்று, நெட் கம்பி வரும் அவள் வீட்டிலிருந்து சுடுகாடுவரை ஆண்கள் போனும் கையுமாக வரிசையாய் நின்றார்கள். பாறை வளைவுக்கு மட்டும் ஒரு ஆள் குறைந்தது.

"ஒண்ணுமே தெரியலம்மா," என்று வீட்டுப் போனில் மகன் கதறினான்.

செத்தவனின் போனை எடுத்துக்கொண்டு மாரக்கா படியிறங்கினாள்.

"அண்ணி, பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாது," என்று பங்காளி ஒருவன் மறித்தான்.

"நான் எங்க தம்பி சுடுகாட்டுக்கு வர்றேன்? வளைவோட நின்னுக்கிறேன்."

போய் நின்றாள். பாறை மறைத்ததால் சிதை அவளுக்குத் தெரியவில்லை. மஸ்கட்டில் மகன் பார்க்கத் தொடங்கியதும், புருஷனின் போன் அவள் உள்ளங்கையில் சூடேறிக்கொண்டே வந்தது.