பேரே வேண்டாம்

"மேலிடத்துலேருந்து ஒரு நம்பர் வந்திருக்கு. டிக்ஷனரியிலேருந்து தூக்கிடும்மா" என்றார் மேனேஜர்.

எந்த நம்பர் கார்டு யாருடையது, யாருக்கு வாசல் கதவு திறக்கலாம் என்பதெல்லாம் கதவு புரோகிராமில் 'டிக்ஷனரி' என்ற பட்டியலாக இருந்தது. வேலை போனதை மூஞ்சிக்கு நேரே சொல்லும் வழக்கம் அந்த ஆபீஸில் கிடையாது, கதவே சொல்லிவிடும்.

"பாப் கமாண்டு போட்டுத் தூக்கவா சார்? போறது யாருன்னு பேரைக் கையில கொடுத்துட்டுத்தான் அழிக்கும்" என்றாள் புரோகிராமர்.

"ஐயையோ, பேரே வேண்டாம்! பார்த்தா மனசு இளகிடும். சத்தமில்லாம அழிக்க வழியில்லையா?"

"டெல் இருக்கு சார். மூச்சு விடாது."

"அதான் வேணும். போடு."

போட்டாள். 'யாரு பெத்த பிள்ளையோ' என்று உச்சுக்கொட்டியபடி மேனேஜர் காபி குடிக்கக் கீழே இறங்கினார்.

திரும்பி வந்தபோது கண்ணாடிக் கதவு அவருக்கு அசைந்து கொடுக்கவில்லை. கார்டை மறுபடி தேய்த்தார். சிவப்பு விளக்கு. போன் போட்டார்.

"யாரைம்மா தூக்கினே? நான் வெளியே நிக்கிறேன்!"

"நீங்க கொடுத்த நம்பரைத்தான் சார். உங்க நம்பர் என்ன?"

அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? இத்தனை வருஷமாகக் கழுத்தில் தொங்கிய கார்டை மேனேஜர் முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தார்.