அப்பாவின் மூன்று வாசகர்கள்

சிரிப்பு வரும், உத்தரவாதம். ஆனால் இப்போதில்லை. முதலில் என் அப்பாமேல் கொஞ்சம் கோபப்படுங்கள்.

நான் ஜென்சி. வயது பதினாறு. ஒருதரம் கேட்டால் போதும், யார் குரலும் எனக்கு வந்துவிடும். மெட்றோவில் அறிவிப்புச் சொல்லும் பெண், பங்குச் சாமியார், யாராக இருந்தாலும் சரி. போன நத்தாருக்கு, பங்கின் கிறிஸ்மஸ் விழாவில் மைக்கைப் பிடித்து, கோயில் மூப்பர் அம்புறோஸ் குரலில், "பிள்ளையள், ரோல்ஸ் ஆளுக்கு ஒண்டுதான்!" என்றேன். மண்டபமே சிரித்தது. மூப்பர் சிரிக்கவில்லை.

அப்பா எல்லோருக்கும் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். "இனி இவள் ஒருத்தரையும் நக்கலடிக்க மாட்டாள். என்ரை வாக்கு."

வீட்டுக்கு வந்ததும் சட்டம். "இந்த வீட்டிலை இனி உன்ரை குரல் மட்டும்தான் கேக்கவேணும்!"

கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது.

அப்பா கன காலமாக ஒரு வலைப்பூ எழுதுகிறார். பனி அள்ளி இடுப்பில் நாரி பிடித்தது, பிரெஞ்சு வகுப்பில் முழித்தது, இப்படி. அந்தக் கிழமை அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது.

"இமெல்டா, ஒரு குருவியும் எட்டிப் பாக்குதில்லை. பூட்டப்போறன்."

"அது பாட்டுக்குக் கிடக்கட்டுமேப்பா."

"ஆளில்லாத கோயிலிலை பிரசங்கமோ?"

எனக்குப் பாவமாகவும் இருந்தது, பழிவாங்கவும் ஆசையாக இருந்தது. அன்றே என் விரல்நுனியில், டொரொண்டோ வாசகராகத் தியாகலிங்கம் ஐயா பிறந்தார்.

"தம்பி கிறகரி, திருநீறு பூசிக்கொண்டு வெளிக்கிட்ட என்னை உம்மடை எழுத்து மறிச்சுப்போட்டுது. ஆனால் உமக்குப் பனி அள்ளத் தெரியாது."

பெற்ற அப்பாவைத் தம்பி என்று கூப்பிடுவதில் இருக்கிற சுகம் இருக்கிறதே!

மறுநாள் பாரிஸிலிருந்து றோசா அக்கா. "ஐயோ தம்பி, சிரிச்சுச் சிரிச்சு கறி அடிப்பிடிச்சுப் போச்சு. சட்டிக்கு நீர்தான் பொறுப்பு." இரண்டு பேரோடும் சண்டை பிடிக்க லண்டனிலிருந்து ஹென்றி வந்தார்.

அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தார். நான் அறைக்குள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பூட்டுகிற பேச்சே இல்லை.

உங்கள் சிரிப்புத்தானே? வரும், பொறுங்கள்.

இலை கொட்டத் தொடங்கியதும் அப்பா அறிவித்தார்: "அன்பான வாசகர்களே, வலைப்பூவைத் திருத்திக் கட்டப்போறன். ஆலோசனை தேவை. உங்களுக்கு என்ரை நன்றி."

தியாகலிங்கம் ஐயா எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அப்பா ஆக்கினார். றோசா அக்கா ஊதா நிறம் கேட்டார். அப்பா பூசினார். ஹென்றிக்கு ஓரமெல்லாம் பூ வேண்டுமாம். வைத்தார். பக்கம் திருவிழாப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது.

சாப்பிடும்போது சொன்னார். "மூலையிலை ஒரு உலகப் படம் போடப்போறன். ஆக்கள் எந்த ஊரிலை இருந்து வாசிக்கினமோ, அங்கை சிவப்புப் புள்ளி விழும்."

எனக்குப் புட்டு விக்கியது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே புள்ளி, அதுவும் நாங்கள் இருக்கிற லொங்குய்யில்! அப்பா பார்த்தால் மனம் உடைந்துபோவார். வலைப்பூ அன்றோடு சரி.

ஓடிப்போய் றோசா அக்காவை எழுப்பினேன். "தம்பி, படம் வேண்டாம். நான் மனுசனுக்குத் தெரியாமல் வாசிக்கிறனான்."

சனிக்கிழமை காலை அப்பா கூப்பிட்டார். "ஜென்சி, வந்து பார். எல்லாம் முடிஞ்சுது."

பயந்து பயந்து போனேன். உலகப் படம் இல்லை. பழைய கட்டுரைகள் எல்லாம் தலைப்பு வாரியாக ஒழுங்காக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே 'மேடை' என்று ஒரு புதிய பகுதி. அதற்குள், ஐயாவும் அக்காவும் ஹென்றியும் எழுதிய பின்னூட்டங்கள், ஒன்றுவிடாமல்.

"அப்பா, உங்கடை எழுத்தெல்லாம் கீழை போயிட்டுதே?"

"நல்லது மேலை இருக்கட்டும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தியாகலிங்கம் ஐயாவுக்கு ஒண்டு சொல்லிவிடு. திருநீறு பூசுற மனுசன், 'ஈஸ்டர் முடியட்டும், பேந்துதான் இறைச்சி' எண்டு எழுதப்படாது."

எனக்குக் காது சுட்டது. "அப்பவே தெரியுமோ?"

"ஓம்."

"வாசிக்க ஒருத்தரும் இல்லையெண்டு தெரிஞ்சும் ஏன் பூட்டேல்லை?"

"பூட்டினால் அவை மூண்டு பேரும் எங்கை போய்க் கதைக்கிறது? வீட்டிலை நானெல்லோ தடை போட்டு வைச்சிருக்கிறன்."

"மேர்சி, அப்பா" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னேன், மூன்று பேரின் சார்பிலும்.